அலமாரியில் ஒரு தட்டு

சென்னையில் அப்பா என்னைக் கடற்கரைக்கும் மிருகக்காட்சிசாலைக்கும் கூட்டிப்போனார். நான் கேட்காத வளையலைக்கூட வாங்கித் தந்தார். எனக்கு அப்போதே பயமாக இருந்தது. திரும்பும்போது அவருடைய ஊரில், பெரியம்மா வீட்டில் இறங்கினோம். பெரியம்மா அலமாரியில் ஒரு தட்டைக் காலிசெய்து, புதுச் செய்தித்தாள் விரித்து வைத்திருந்தார்.

“வடிவு, ஒன் துணிமணிய இதுல அடுக்கிக்க.”

“நாங்க நாளைக்குக் கெளம்பிருவோமே பெரியம்மா.”

அவர் அப்பாவைப் பார்த்தார். “மஸ்கட் போறத புள்ளகிட்ட இன்னும் சொல்லலையா தம்பி? பட்டணமெல்லாம் சுத்திக் காட்டத் தெரியுது, இதச் சொல்லத் தெரியலையாக்கும்!”

அப்பா சட்டைப்பையிலிருந்து என் பள்ளிக்கூட டீசியை எடுத்து, தொலைந்துவிடாதபடி அந்தச் செய்தித்தாளுக்கு அடியில் வைத்தார். மேடு தெரியாமல் தாளை நீவினார். நீவி முடித்த பிறகும் கையை எடுக்கவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை.