அச்சு இறுகும்வரை

வாயைத் திறக்கச் சொன்னாள். தலைவர் திறந்தார்.

மேல் ஈறு மட்டும்தான். பழைய பல் செட் காலையில் குளியலறைத் தரையில் விழுந்து இரண்டாகிவிட்டது.

நாளை மறுநாள் கூட்டம். பல்கலைக்கழக ஆட்கள், நகரசபை ஆட்கள், இந்தத் தெருக்காரர்கள், எல்லோரும் ஒரே கூடத்தில். தெருவின் சார்பில் பேசவேண்டியவர் அவர். குடியிருப்போர் சங்கத்துக்கு அவரை விட்டால் தலைவர் கிடையாது.

பல் உடைந்த செய்தி அவருக்கு முன்பே தெருவைச் சுற்றி வந்திருந்தது. பல்லே இல்லாமல் பல்கலைக்கழகத்தோடு மல்லுக்கு நிற்கப்போகிறார் தலைவர் என்று மளிகைக்கடைக்காரர் சொல்லிச் சிரித்தாராம். தலைவரே அதை அவளிடம் சொன்னார். சொல்லிவிட்டு வாயைக் கையால் மறைத்துக்கொண்டு சிரித்தார்.

அவள் பல் செட் செய்கிறவள். வீட்டின் முன்னறைதான் பட்டறை. தெருவில் பாதிப்பேர் அவள் செய்த பல்லால்தான் சிரிக்கிறார்கள்.

அவளுடையது தெருவின் கடைசி வீடு. பின்சுவருக்கு அப்பால் பல்கலைக்கழகம் புது விடுதி கட்டுகிறது. விடுதிக்கு இன்னொரு வாசல் வேண்டும். இந்த வீடு கிடைத்தால் வாசல் தெருவுக்குள் திறக்கும். அப்புறம் பஸ், லாரி எல்லாம் ஒவ்வொரு வீட்டு ஜன்னலையும் உரசிக்கொண்டுதான் போகும். கிடைக்காவிட்டால் சுவர் சுவராகவே இருக்கும்.

அவள் கொடுக்கமாட்டாள் என்பது தெருவுக்குத் தெரியும். பல்கலைக்கழக அதிகாரி வந்து அவள் கதவைத் தட்டியபோது, எதிர்வீட்டு அக்காவே ஜன்னல் வழியாக நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டு விரட்டினாள். புருஷனைக் கொன்றது போதாதா என்பது அதில் ஒன்று.

போன வருஷம் அவள் கணவனுக்கு நெஞ்சுவலி வந்தபோது, பல்கலைக்கழக வகுப்புகள் விட்டுப் பெரிய சாலை நெரியும் நேரம். ஆம்புலன்ஸ் வீடு வந்து சேரவில்லை. தெருமுனையில் இன்றைக்கும் அவன் படம் போட்ட தட்டி நிற்கிறது. கீழே சிவப்பில், இன்னும் எத்தனை உயிர் என்ற கேள்வி. வாசகம் தலைவருடையது. படம் கல்யாண ஆல்பத்திலிருந்து. கேட்டபோது கொடுத்தாள்.

கூட்டத்தில் அவள் எழுந்து நிற்கவேண்டும் என்றார் தலைவர். பேச வராவிட்டால் பரவாயில்லை.

"நீ அழுதாலே போதும், தங்கச்சி. மீதிய நான் பாத்துக்கறேன்."

அவள் அச்சு எடுக்கும் தூளில் தண்ணீர் விட்டுக் குழைத்தாள். இளஞ்சிவப்புக் குழம்பு. வளைந்த தட்டில் அதை நிரப்பி, அவர் வாய்க்குள் நுழைத்து, மேலண்ணத்தோடு சேர்த்து இரண்டு விரலால் அழுத்திப் பிடித்தாள்.

குழம்பு இறுகும்வரை ஆடக்கூடாது என்றாள். ஆடினால் அச்சு கெட்டுவிடும், மறுபடி முதலிலிருந்து. மூக்கால் மூச்சு விடச் சொன்னாள்.

தலைவர் கண்ணாலேயே சரி என்றார்.

"வீட்ட அவங்களுக்கே எழுதிக் குடுத்துட்டேண்ணே."

தலைவரின் கண்கள் பெரிதாயின. நாற்காலியின் கையை இறுகப் பற்றினார். தொண்டையிலிருந்து ஏதோ கிளம்பியது. சொல்லாகவில்லை.

ஆடாதீங்க என்றாள்.

அதிகாரியைப் பின்பக்கமாக வரச்சொன்னது அவள்தான். பத்திரம் போன வாரமே முடிந்துவிட்டது. வாசல் வந்ததும் தெருவுக்குள் பஸ் எங்கே நிற்கலாம் என்று அவர்கள் வரைபடத்தை விரித்துக் கேட்டார்கள். அவள் தலைவர் வீட்டைக் காட்டினாள். அவர் புதிதாக எடுத்த மாடி அறைக்கு நேர் கீழே. அவர்களுக்கும் அது வசதியாகத்தான் பட்டது.

இதையெல்லாம் அவள் நிதானமாகச் சொன்னாள். அவர் தாடையில் எச்சில் வழிந்தது. துண்டால் துடைத்துவிட்டாள்.

தலைவர் கையைத் தூக்கினார். சுவரில் அவள் கணவனின் படம் மாட்டியிருந்தது. விரலால் அதைக் காட்டினார். இவனைக்கூடவா மறந்துவிட்டாய் என்று கேட்டது விரல்.

அவளும் படத்தைப் பார்த்தாள்.

அன்றைக்குப் பெரிய சாலையில் நெரிசல் இருக்கத்தான் செய்தது. பல்கலைக்கழகக் காவலாளிகள் விசிலடித்து வண்டிகளை ஒதுக்கி வழிவிட்டார்கள். ஆம்புலன்ஸ் தெருமுனைவரை வந்துவிட்டது.

அங்கே குறுக்கே ஒரு சங்கிலி. மாணவர்கள் வண்டியை உள்ளே கொண்டுவந்து நிறுத்தக்கூடாது என்று சங்கம் மாலை நேரத்தில் கட்டிவைக்கிற சங்கிலி. பூட்டியிருந்தது.

ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு தெரு நீளத்துக்கும் ஓடிவந்த ஆட்களில் ஒருவன், மூச்சு வாங்கிக்கொண்டே, அந்த ஒன்றைத்தான் அவளிடம் சொன்னான். மறுநாள் காலையில் சங்கிலியைக் காணோம். அதற்கு அடுத்த நாள் தட்டி வந்தது.

"சாவி உங்க சட்டப்பையில இருந்துச்சுண்ணே. நீங்க பல்கலைக்கழகத்துக்கு, நெரிசலப் பத்தி மனு குடுக்கப் போயிருந்தீங்க."

தலைவரின் விரல் இறங்கியது. பிறகு கை.

கிண்ணத்தில் மிச்சமிருந்த குழம்பு எப்போதோ இறுகிவிட்டிருந்தது. அவள் தன் விரல்களை எடுக்கவில்லை.