மருதாளுக்கு ஒரு லட்டு

லட்டு சாரதாமணியின் மூக்குக்கு நேராக வந்து, சற்றே நின்று, திரும்பிப் போனது.

"இவளுக்கு ஆகாதுங்க. சக்கரை," என்று மாமியார் பழனாத்தாள் பந்தி முழுவதும் கேட்கும்படி அறிவித்தாள். கட்டுச்சோற்று விருந்துக்கு வந்திருந்த உறவுக்கூட்டம் ஒருசேர உச்சுக்கொட்டியது.

சாரதாமணிக்கு இது ஏழாம் மாதம். கழுத்தில் மாலை, கை நிறைய வளையல், எதிரே தலைவாழை இலை. இலையில் முளைகட்டிய பயறும் வெள்ளரித் துண்டுகளும் இருந்தன. புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் தயிர்ச்சோறும் அவளை வாழ்த்த வந்தவர்களின் இலைகளில் இருந்தன.

பெருமாநல்லூரில் பச்சைக் குழந்தைகளுக்கான பனியன் உடுப்புகளைத் தைத்து ஏற்றுமதி செய்யும் குடும்பம் அது. முன்னால் கம்பெனி, பின்னால் வீடு. கணவன் முருகவேலுக்கு உலகத்தில் இரண்டே வகைதான்: பாஸ், ரிஜெக்ட். வெளிநாட்டுக்காரனுக்குக் காட்டும் சாம்பிளைக் கம்பெனியிலேயே கை சுத்தமான டெய்லரை உட்கார வைத்துத் தைக்கச் சொல்வான். சாம்பிள் பாஸான பிறகு சரக்கை யார் தைத்தால் என்ன? கல்யாணமாகி வந்த நாள் முதல் சாரதாமணி சாப்பாட்டுத் தட்டின் முன்னால் கேட்டு வந்த வேதம் அது.

போன வாரம் மருத்துவமனையில் கர்ப்பகாலச் சர்க்கரைக்கான சோதனை நடந்தது. குளுக்கோஸ் தண்ணீரைக் குடிக்க வைத்து, காக்க வைத்து, இரத்தம் எடுத்தார்கள். துணைக்கு மருதாள் போயிருந்தாள். கம்பெனியில் தைத்த உடுப்புகளில் நூல்பிசிறு வெட்டுபவள். அவளுக்கும் ஏழாம் மாதம்தான். வயிறு இல்லாவிட்டால் காற்றில் பறந்துவிடுவாள், அவ்வளவு ஒல்லி.

முடிவு வந்தது. சர்க்கரை மிகுதி. வைட்டமின் டி அதல பாதாளம்.

டாக்டரம்மா நிதானமாக விளக்கினார். இந்த வைட்டமின் குறைந்த கர்ப்பிணிகளுக்குச் சர்க்கரை வருவது கூடுதலாகக் காணப்படுகிறது. ஆயினும் இதனால்தான் அது வந்தது என்று அடித்துச் சொல்வதற்கில்லை. உணவில் கட்டுப்பாடு வேண்டும், நடை வேண்டும், கொஞ்சம் வெயில் வேண்டும், மருந்து வேண்டும். கவனிக்காமல் விட்டால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. இத்தனையையும் முடிவு கேட்கக் கூடப் போயிருந்த பழனாத்தாள் கத்தரித்து ஒரே சொல்லாக வீட்டுக்குக் கொண்டுவந்தாள்: வெயில்.

அன்று முதல் உச்சிவேளையில் சாரதாமணி மொட்டைமாடியில், துவைத்த துணியோடு துணியாகக் காயப்போடப்பட்டாள்.

மாடியிலிருந்து கம்பெனியின் ஜன்னல்கள் தெரியும். வெள்ளைத் துணியில் தூசி படியும் என்று அவற்றைத் திறப்பதில்லை. உள்ளே டியூப்லைட் வெளிச்சத்தில், பொழுது விடிந்தது முதல் அடையும் வரை, மருதாள் பிசிறு வெட்டினாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவளைச் சோதனைக்கு வரச் சொன்ன நாளில் ஷிப்மெண்ட் இருந்தது. முருகவேல் லீவு கொடுக்கவில்லை.

பழனாத்தாள் இரக்கமுள்ளவள், எதையும் வீணாக்கவும் மாட்டாள். மருமகளுக்கு மறுக்கப்பட்ட இனிப்புகள் எல்லாம் நாள்தோறும் மருதாளைத் தேடிப் போயின.

இப்போதும் திரும்பிப் போன அந்த லட்டு, பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த மருதாளிடம்தான் போய் நின்றது.

"நீ தின்னு கண்ணு. உன்ற உடம்புல எங்க சக்கரை வரப்போவுது!"

மருதாள் கூச்சத்தோடு வாங்கி, வாயருகே கொண்டுபோனாள்.

சாரதாமணி எழுந்தாள். மாலை சரிய, வளையல் குலுங்க நடந்து போய், மருதாளின் கையிலிருந்த லட்டைப் பிடுங்கித் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

பழனாத்தாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அட கருமமே! இத்தன சனத்துக்கு முன்னால, தண்ணி ஊத்தற புள்ள கையில இருக்கறதப் புடுங்கித் திங்கறியே! வாயக் கட்டத் தெரியாதா உனக்கு?"

மருமகள் கெடுத்த மானத்தை மாமியார் அங்கேயே சரிக்கட்டினாள். மூடி போட்ட டப்பா ஒன்றில் லட்டுகளை நிரப்பி மருதாளின் கையில் திணித்தாள்.

"ஊட்டுக்குக் கொண்டு போ சாமி. தெனமும் தின்னு. தீந்துச்சுன்னா வந்து கேளு."

மருதாள் டப்பாவை வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். அவள் முகத்தில் அப்படியொரு நன்றி.

ஒரு லட்டைப் பிடுங்கித் தின்னலாம். ஒரு டப்பாவை என்ன செய்வது?

"அதக் கீழ வெய்யி மருதா," என்றாள் சாரதாமணி. வாயெல்லாம் பூந்தி. "அத்தை, ஆஸ்பத்திரியில குளுக்கோஸ் குடிச்சது நானில்லீங்க. 'உனக்கும் பாக்கறாங்க'ன்னு இவகிட்டச் சொல்லி, என்ற டோக்கனக் குடுத்து இவள உள்ள அனுப்புனனுங்க. ஒல்லியா இருக்கறவ பாஸாயிருவான்னு நெனச்சேன். அந்த ரத்தம் இவளுதுங்க."

டப்பா தரையில் இறங்கியது.

"எனக்கு ஒண்ணுமே இல்லேன்னு சொன்னீங்களேக்கா?" என்றாள் மருதாள்.

பந்தியை மேற்பார்த்துக்கொண்டு நின்ற முருகவேல் அவளைப் பார்க்கவில்லை. மனைவியின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். தொழிலில் ஊறிய அந்த மூளைக்குக் கணக்குப் பிடிபடச் சற்று நேரமாயிற்று.

"அப்ப நம்ம பீஸ இன்னும் யாருமே செக் பண்ணலியா?"