பச்சை மைத் தாள்

என்றைக்கோ செத்துப்போன வெள்ளைக்காரர்கள் பூவையும் மேகத்தையும் பார்த்து உருகி எழுதியதை என் மருமகள் காலேஜில் பாடமாக நடத்துகிறாள். கண் வலிக்கு மருந்து வைத்து அவளுக்கு இரண்டு கண்ணிலும் கட்டு. மாலைக்குள் நாற்பது பரீட்சைத் தாளையும் திருத்திக் கொடுக்காவிட்டால் வேலைக்கே உலை வைத்துவிடுவார்கள்.

"எப்படிம்மா திருத்துவே?" என்றேன்.

"முதல் பக்கத்தைப் பார்த்தாலே தெரிஞ்சிடும் மாமா. மீதியை யாரு படிக்கிறா?"

"பார்க்கத்தானே வேணும்? நான் பார்க்கிறேன்."

"உங்களுக்கு இங்கிலீஷ் தெரியாதே."

"அறுபது வருஷமா ஆளைப் பார்த்தே எடை போடுறேன். தாளைப் பார்த்துப் போட மாட்டேனா?"

வேறு வழியில்லாமல் பேனாவைக் கொடுத்தாள். அடிக்கோடு நிறையப் போட்டவன் ஏமாற்றுக்காரன், அவனுக்கு நாற்பது. அடித்து அடித்து எழுதியவன் யோசிக்கிறவன், அவனுக்கு அறுபது. மூன்று மணிக்குள் முடித்துவிட்டேன்.

"யாராவது ஃபெயிலா மாமா?"

"ஒரே ஒருத்தன். எழுத்து அச்சு மாதிரி இருக்கு, ஒரு அடித்தல்கூட இல்லை. எதையோ பார்த்து எழுதியிருக்கான். பன்னிரண்டு போட்டேன். மாட்டிக்குவோம்னு பயந்து நம்பர்கூட எழுதலை."

"என்ன மை?"

"பச்சை."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"மாமா, அது பசங்க தாள் இல்லை. எப்படி எழுதணும்னு பசங்களுக்குக் காட்ட நான் எழுதி வச்ச விடை."

"எதைப் பார்த்தும்மா எழுதினே?"

"பழைய கைடைப் பார்த்து. இன்னும் ஒரு இருபத்தெட்டு போட்டுடுங்களேன் மாமா, பாஸாயிடும்."

"சொந்தக்காரங்கன்னு பார்த்தா மார்க் போட முடியாதும்மா" என்று சொல்லி, அவள் கண் கட்டை இறுக்கிக் கட்டினேன்.