யார் சொன்னால் கேட்பார்கள்

கோவை பம்ப் கம்பெனியின் பயிற்சி அதிகாரி தேவசிகாமணி, தீயணைப்புப் பயிற்சிக்காக மூன்று இணைய வகுப்புத் தளங்களை அலசி, 'குரலோசை'யைத் தேர்ந்தெடுத்தார். ஒருவர் யார் பேச்சுக்குக் கட்டுப்படுவாரோ, அவர் குரலிலேயே அது பாடம் நடத்தும். ஆலை முழுக்கத் தன் குரல்தான் ஒலிக்கும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

மறுநாள், பாடம் கேட்டு முடித்த தொழிலாளிகளிடம் யார் குரல் வந்தது என்று விசாரித்தார்.

"எனக்கு எங்கூட்டுக்காரி குரலுங்க."

"எனக்கு மாமியாருங்க சார்."

"கேன்டீன் அக்காங்க!"

ஒருவர்கூட அவர் பெயரைச் சொல்லவில்லை.

"தளமே கோளாறு! இன்னைக்கே தூக்கிப்போடறேன்!" என்று அறைக்குள் கத்திக்கொண்டே, தானே சோதித்துப் பார்க்க ஹெட்போனை மாட்டினார்.

உதவியாளர் சுகந்தியின் குரல் கேட்டது: "கத்தாதீங்க சார். மொதல்ல உக்காருங்க."

எதிர் மேசையில் சுகந்தி வாயே திறக்கவில்லை.

தேவசிகாமணி உட்கார்ந்தார்.