பூனையின் பங்கு

அந்தப் பிஸ்கட்டுக்குக் கணக்கு வாத்தியார் கொடுத்தது ஒரே ஒரு நட்சத்திரம். அதற்கும் கீழே கொடுக்க வழி இருந்திருந்தால் அதையும் கொடுத்திருப்பார்.

பத்து பிஸ்கட் இருந்த பாக்கெட்டை எட்டாக்கி ஊரை ஏமாற்றுகிறீர்களே, நியாயமா என்று ஆன்லைன் கடையில் எழுதிப் போட்டார். விரலை எடுப்பதற்குள் பதில் வந்துவிட்டது: 'தங்கள் அன்புக்கு நன்றி.'

போன் செய்தால் அந்த எண்ணை அழுத்து, இந்த எண்ணை அழுத்து என்றது ஒரு குரல். அழுத்தினால் பாட்டு. பாட்டு முடிந்ததும் மறுபடி அதே குரல். யாராவது கூப்பிடுவார்கள் என்று சொல்லி வைத்துவிட்டது.

"போனாப் போகுது விடுங்கப்பா, ரெண்டு பிஸ்கட்தானே" என்றான் மகன். "அதுவும் எப்பவுமே எட்டுதான்னு நினைக்கிறேன். உங்களுக்குத்தான் ஞாபகம் பிசகுது."

அங்கேதான் வலித்தது. கொஞ்ச நாளாக வாத்தியார் மூக்கில் கண்ணாடியை வைத்துக்கொண்டே வீடெல்லாம் தேடுகிறார். சொன்னதையே திரும்பச் சொல்கிறார். மகனும் மருமகளும் தணிந்த குரலில் ஒரு டாக்டரைப் பற்றிப் பேசியது காதில் விழுந்திருந்தது.

பத்து என்று நிரூபித்தே ஆக வேண்டும். சாட்சிக்கு அக்காவை வரவழைத்தார். கூடப்பிறந்தவர்களில் இப்போது மிச்சம் அவள் மட்டும்தான்.

சின்ன வயதில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மில்லில் வேலை. சம்பள நாளில் அப்பா இதே பிஸ்கட்டில் ஒரு பாக்கெட் வாங்கி வருவார். அக்காதான் அதைச் சமையல்கட்டுக்குள் கொண்டுபோய்ப் பிரிப்பாள். தம்பி, தங்கை நாலு பேர் கையிலும் ரெண்டு ரெண்டு வைப்பாள். உன்னோடது எங்கே என்று கேட்டால், "பிரிக்கும்போதே தின்னுட்டேன்" என்று வாயைத் துடைத்துக்கொள்வாள்.

அன்றைக்கு விழுந்த பெயர்தான் பூனை. மூன்று தின்றாளோ நான்கு தின்றாளோ, யார் கண்டது என்று சின்னதுகள் பின்னால் பேசிக்கொள்ளும். தலை நரைத்த பிறகும் வாத்தியாருக்கு அவள் பூனையக்காதான்.

"அஞ்சு பேர், ஆளுக்கு ரெண்டு. பத்துதானே? இவன் காதுல விழற மாதிரி சொல்லு, பூனையக்கா."

"யாருடா அதையெல்லாம் எண்ணிக்கிட்டு இருந்தா?" அக்கா, எதிரே வைத்திருந்த பிஸ்கட் தட்டை வழக்கம்போல் தள்ளி வைத்தாள். "விடு. கம்பெனிக்காரன் பொழைச்சுட்டுப் போறான்."

கூடப்பிறந்தவளும் கம்பெனி பக்கம் சாய்ந்துவிட்டாளே என்று வாத்தியாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பாதி பாக்கெட்டை முழுங்கினவதானே நீ. உன்கிட்டே நியாயம் கேட்டேன் பாரு."



அந்த நேரம் பார்த்துத்தான் கம்பெனியிலிருந்து போன் வந்தது. நாலு பேர் கேட்கட்டும் என்று வாத்தியார் ஸ்பீக்கரில் போட்டார். பேசிய பெண் பொறுமையாகத்தான் பேசினாள். கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து அந்தப் பாக்கெட்டில் எட்டுதானாம். பழைய கவரின் போட்டோவை அனுப்பியிருக்கிறாளாம், பார்க்கச் சொன்னாள்.

மகன் பார்த்தான். போனை மெதுவாகக் கீழே வைத்தான்.

"நாளைக்கு ஒரு எட்டு டாக்டர்கிட்டே போயிட்டு வந்துடலாம்ப்பா."

அவன் சிரித்திருந்தால்கூடத் தேவலை. வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார். ஆயுசு முழுக்கப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்த மனிதர், தன் கைவிரல்களையே நம்பாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா தம்பியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"டாக்டரெல்லாம் எதுக்குப்பா" என்றாள் மகனிடம். "உங்கப்பன் ஞாபகம் சரியாத்தான் இருக்கு. நாலு பேருக்கும் ரெண்டு ரெண்டுதான் கொடுத்தேன். கம்பெனிக்காரங்க சொல்றதும் சரிதான்."

வாத்தியாருக்கு அந்தக் கணக்கு பிடிபடக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிடிபட்டதும் அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. தட்டை மட்டும் அவள் பக்கம் நகர்த்தினார்.

"எடுத்துக்கோ அக்கா."

அக்கா ஒன்றை எடுத்து, ஓரமாகக் கடித்து, மெல்ல மென்றாள்.

"நல்லாத்தான்டா இருக்கு" என்றாள். "சும்மாவா அப்படி அடிச்சுக்கிட்டீங்க!"