மேசை நடுவே யானை

நூலகங்களுக்கு நிதி திரட்டும் விருந்து. மேசைக்கு ஓர் எழுத்தாளர் வீதம் உட்கார்ந்திருக்கிறார்கள். நன்கொடை கொடுத்தவர்கள் அவர்களைச் சுற்றிச் சிரிக்கிறார்கள். கூரை ஒழுகி மூடிக் கிடக்கும் கிளை நூலகத்தின் நூலகர் அக்காவுக்கும் ஒப்புக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள். தட்டில் அவருக்குக் கையே போகவில்லை. எதிரே, அலங்காரமாக அடுக்கிய பழைய புத்தகங்களின்மேல் ஒரு மெழுகுவத்தி எரிகிறது. அதன் வெளிச்சத்தில், மேலட்டையில், ஒரு யானை தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. அதன் காதருகே கிழிசலை மறைத்து ஒட்டிய தாள் அக்கா கையால் ஒட்டியது. மழையில் நனையாமல் பத்திரமாக இருக்கட்டும் என்று அவரே பெட்டியில் கட்டித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிய புத்தகம். "யானை எப்பக்கா வரும்?" என்று தெருவில் கண்ட இடத்திலெல்லாம் பிள்ளைகள் அவரைப் பிடித்துக்கொள்கிறார்கள். அக்கா ஓரத்தில் நகத்தை விட்டுப் பக்கத்தைப் பிரிக்கப் பார்க்கிறார். பலகைபோல் இறுகிக் கிடக்கிறது.

"அது திறக்காதுங்க," என்கிறார் பக்கத்திலிருக்கும் எழுத்தாளர், மென்றுகொண்டே. "அழகுக்குப் பசை போட்டு ஒட்டிட்டாங்க. நல்லாயிருக்குல்ல?"

அந்த நேரம் பார்த்துத் தொகுப்பாளர் மைக்கை அக்காவின் வாயருகே நீட்டுகிறார். "சொல்லுங்க மேடம், உங்க நூலகப் பிள்ளைங்களுக்கு என்ன வேணும்?"

அக்காவின் நகம் இன்னும் யானையை விட்டு வரவில்லை.

"புத்தகம்," என்கிறார்.

அரங்கமே எழுந்து கைதட்டுகிறது. நாற்காலிகள் இடிபட்டு மேசை அதிர்கிறது. உருகி நின்ற மெழுகு தளும்பி, அட்டையில் வழிந்து, யானையின் கண்ணை மூடுகிறது.