நடுரோட்டு நடை

நடையை அளக்க அரசாங்கம் கட்டிவிட்ட கைப்பட்டை ஏன் பச்சையாக மாறுவதே இல்லை என்பது ரெஜினாவுக்குப் புரியவில்லை. மூன்று மாடி ஏறி இறங்கித் தண்ணீர் சுமக்கிறாள், மார்க்கெட்டுக்கு நடந்தே போகிறாள். ஆனாலும் சாயங்காலம் பட்டை சிவப்பாகத்தான் இருக்கிறது. நடக்கிற குடும்பத்துக்குத்தான் இலவச வைத்தியம் என்பது சட்டம். இந்த மாதமும் ஒருநாள்கூடப் பச்சையாகாவிட்டால், கணவன் சூசைக்கு இதய ஆபரேஷன் கிடையாது.

ஒருநாள் பட்டையைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். அதன் ஓரத்தில் மெல்லிய வெளிச்சக் கோடு ஒன்று வளர்ந்தது. மணல் குவியல் மறித்ததும் நின்றாள், கோடு அழிந்தது. மறுபடி நடக்க, முதலிலிருந்து வளர்ந்தது. நிறுத்தியிருந்த கார் மறிக்க, மறுபடியும் அழிந்தது. அரை மணி நேரம் நிற்காமல் நடந்தால்தான் பட்டைக்கு அது நடை.

"நம்ம தெருவுல நாய்கூட நிக்காம ஓட முடியாதுடி" என்றாள் எதிர்வீட்டு மும்தாஜ்.

"நடுரோட்டுல எவனும் வண்டிய வுட்டுட்டுப் போக மாட்டான்ல?" என்று கேட்டாள் ரெஜினா.

மறுநாள் காலை குடியிருப்புப் பெண்கள் எட்டுப் பேர் மெயின்ரோட்டை அடைத்துக்கொண்டு வரிசையாக நடந்தார்கள். பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தது.

"யக்கா, ஓரமா போங்க."

"ஓரம் எங்க கீதுன்னு காட்டுப்பா, போறோம்" என்றாள் ரெஜினா, நிற்காமல்.

டிரைவர் இடப்பக்கம் பார்த்தார். திறந்த சாக்கடை, அதையொட்டிக் கார்கள். கியரைக் குறைத்தார்.

பஸ் பின்னால் ஊர்ந்து வந்ததால் எந்த வண்டியும் அவர்களை முந்தி மறிக்க முடியவில்லை. அரை மணி நேரத்தில் எட்டுப் பட்டைகளும் பச்சையாயின.